கலப்புப் பயன்பாடும் தனியார் முதலீடும்: தாம்பரம் உள்ளிட்ட சென்னைத் தென்புறநகர்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

வசதி குறைந்த நகர்ப்புறக் குடியிருப்புகளுக்குத் தனியார் முதலீட்டை ஈர்ப்பது எவ்வாறு என்னும் வினா அண்மைக்காலத் திட்ட ஆவணங்களில் தொடர்ந்து எழுப்பப்படுகிறது. சென்னையின் தென்புறநகர்களுக்குக் கடந்த ஒரு நூற்றாண்டாகவே தனியார் முதலீடு வந்துகொண்டிருக்கிறது. எனினும், அது எளிய மக்கள் வாழும் பகுதிகளுக்குள் நுழைந்த தருணங்கள் சிலவே. குரோம்பேட்டைத் தோல் தொழில், சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தின் மனைப்பிரிவுகள், ஆலந்தூர்ப் பாதாளச் சாக்கடைத் திட்டம், கண்ணகி நகர் முதல் பெரும்பாக்கம் வரையிலான மறுகுடியமர்வுகள் ஆகிய நான்கையும் ஒப்பிட்டு அதற்கான காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. கலப்புப் பயன்பாடு என்பது கட்டட அமைப்பைப் பற்றியது மட்டுமன்று. அது ஒரு நிதி ஏற்பாடும் ஆகும் என்பதே இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: தென்புறநகர், தாம்பரம், ஆலந்தூர், பெரும்பாக்கம், மறுகுடியமர்வு, கலப்புப் பயன்பாடு, குறுக்கு மானியம்.

முன்னுரை

2021-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தாம்பரம் மாநகராட்சி உருவாக்கப்பட்டது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் 70 வார்டுகளாக ஒன்றிணைந்தன. தொழிற்சாலை, கல்லூரி, தோல் பதனிடும் கூடம், புறம்போக்குக் குடியிருப்பு, அடுக்குமாடி என எல்லாம் அருகருகே அமைந்த நிலப்பரப்பு இது. இத்தகைய பகுதிகளில் குடிநீர், கழிவுநீர், வீட்டுவசதி ஆகியவற்றுக்குத் தேவைப்படும் பெருந்தொகையை அரசு நிதியால் மட்டும் ஈடுசெய்ய இயலாது என்பதும், தனியார் முதலீடு வேண்டும் என்பதும் இன்று பொதுவான கருத்துகளாகிவிட்டன. அவ்வாறாயின், இந்நிலப்பரப்பில் முன்னர் வந்த தனியார் முதலீடு எங்கே தங்கியது, எங்கே தங்காமல் கடந்து சென்றது என்று கேட்பது வரலாற்று ஆய்வின் கடமையாகிறது.

இருப்புப்பாதையும் தொடக்ககால முதலீடும்

தென்புறநகரின் தொடக்ககாலத் தனியார் முதலீட்டுக்குக் குரோம்பேட்டையின் பெயரே சான்றாகும். ஜி. ஏ. சேம்பர்ஸ் 1912-ஆம் ஆண்டு தொடங்கிய குரோம் லெதர் நிறுவனத்திலிருந்தே இவ்வூர்ப் பெயர் தோன்றியது. மருத்துவர் சௌரி முத்து 1928-ஆம் ஆண்டு தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையை நிறுவினார். 1937-ஆம் ஆண்டு அதனை அரசு ஏற்றது. அவ்வாண்டிலேயே சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் நகரின் மையத்திலிருந்து தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. சி. ராஜம் தம் இல்லத்தை விற்றுப் பெற்ற தொகையைக் கொண்டு 1949-ஆம் ஆண்டு குரோம்பேட்டையில் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தை அமைத்தார்.

இவற்றுள் வணிக முதலீடும் உண்டு, அறக்கொடையும் உண்டு. ஆயினும் யாவற்றுக்கும் பொதுவான அடித்தளம் ஒன்று இருந்தது. அது இருப்புப்பாதை. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931-ஆம் ஆண்டு மின்சார இரயில் ஓடத் தொடங்கிய பின், தாம்பரம் நகரத்தின் நாள்தோறுமான எல்லைக்குள் வந்தது. பொதுமுதலீடு வழி அமைக்க, தனியார் முதலீடு அதனைப் பின்தொடர்ந்தது என்பது இதனால் தெளிவாகிறது. 1984-ஆம் ஆண்டு தாம்பரம் சானடோரியத்தில் அமைந்த ஏற்றுமதி மண்டலமும் இம்முறையையே பின்பற்றியது. நிலமும் சுற்றுச்சுவரும் மின்சாரமும் அரசினுடையவை. உள்ளே இயங்கிய தொழில் தனியாருடையது.

ஆனால் இம்முதலீடு பணியிடங்களை உருவாக்கிய அளவிற்குக் குடியிருப்புகளை உருவாக்கவில்லை. பல்லாவரம், நாகல்கேணி ஆகிய பகுதிகளில் பெருகிய தோல் பதனிடும் தொழில் ஆயிரக்கணக்கானோர்க்கு வேலை அளித்தது. அதே தொழில் நிலத்தடி நீரில் குரோமியத்தையும் விட்டுச்சென்றது. முதலீட்டின் ஆதாயம் கணக்கேடுகளில் பதிவாயிற்று. அதன் செலவை ஆலையை அடுத்து வாழ்ந்தோர் தம் கிணறுகளில் ஏற்றனர். எனவே, முதலீடு வருவது ஒன்று. அது வந்த இடத்திற்குப் பொறுப்பேற்பது வேறொன்று.

மனைப்பிரிவுகள்: சென்னை கண்ட ஒரு தீர்வு

கலப்புப் பயன்பாட்டைத் திட்டமிட்டே உருவாக்கும் முயற்சி சென்னையில் 1977-ஆம் ஆண்டு தொடங்கிய முதலாம் நகர வளர்ச்சித் திட்டத்தில் இடம்பெற்றது. உலக வங்கியின் கடனுதவியுடன் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனைப்பிரிவுகள் அமைக்கப்பட்டன. முழு வீட்டைக் கட்டித் தருவதற்கு மாறாக, சாலை, குடிநீர், கழிவுநீர் இணைப்பு ஆகியவற்றோடு கூடிய மனையை அரசு வழங்கியது. சிறிய மனைகளில் கழிவறையோ, அடிப்படைக் கட்டுமானமோ மட்டும் அமைந்திருக்கும். எஞ்சியதைக் குடும்பங்கள் தம் வருவாய்க்கேற்பக் கட்டிக்கொண்டன.

இத்திட்டத்தின் நுட்பம் மனைகளின் பகிர்வில் இருந்தது. குறைந்த வருவாயினருக்கான சிறுமனைகளோடு, நடுத்தர, உயர் வருவாயினருக்கான பெருமனைகளும் கடைகளுக்கும் சிறுதொழில்களுக்குமான மனைகளும் ஒரே வரைபடத்தில் இடம்பெற்றன. பெருமனைகளையும் வணிக மனைகளையும் சந்தை விலையில் விற்றுக் கிடைத்த உபரி, சிறுமனைகளின் விலையைக் குறைக்கப் பயன்பட்டது. குறுக்கு மானியம் என்று பொருளியலார் சுட்டுவது இதனையே. முதலீட்டாளர் என்ற சொல்லுக்கும் இங்கே பொருள் விரிந்தது. வணிக மனையை வாங்கிய கடைக்காரர் மட்டுமல்லர், ஒவ்வோர் ஆண்டும் ஒரு சுவரை எழுப்பிய கூலித் தொழிலாளியும் தனியார் முதலீட்டாளரே ஆவார்.

1990-களில் இத்தகைய திட்டங்கள் உலகளவில் தோல்வி எனக் கருதப்பட்டுக் கைவிடப்பட்டன. மனைகள் நெடுநாள் காலியாக இருந்தமையும், ஏழைகள் சிலர் மனைகளை விற்று வெளியேறியமையும் குறைகளாகக் காட்டப்பட்டன. ஆயின், சென்னையிலும் மும்பையிலும் இம்மனைப்பிரிவுகளை இருபது ஆண்டுகளுக்குப் பின் மீளாய்வு செய்த ஓவன்ஸ், குல்யானி, ரிஸ்வி ஆகியோர் 2018-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், இவை பல வருவாய்ப் பிரிவினரும் வாழும் உயிர்ப்புள்ள குடியிருப்புகளாக வளர்ந்துள்ளன என்று கண்டனர். முடிவு எழுதப்பட்ட காலம் முந்திவிட்டது என்பதே அம்மீளாய்வு தரும் பாடம்.

ஆலந்தூர்: மக்கள் தொகையும் தனியார் தொகையும்

தென்புறநகரிலேயே தனியார் முதலீட்டை அடிப்படை வசதிக்கு ஈர்த்த முதன்மையான எடுத்துக்காட்டு ஆலந்தூர் ஆகும். பரங்கிமலையை ஒட்டிய இந்நகராட்சியில் 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 1.46 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர்; பாதாளச் சாக்கடை இல்லை. 1996-ஆம் ஆண்டு பொறுப்பேற்ற நகர்மன்றம், தலைவர் ஆர். எஸ். பாரதியின் தலைமையில், சற்றேறக்குறைய 34 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டத்தை முன்னெடுத்தது. தமிழ்நாடு அரசும் தனியார் நிதி நிறுவனங்களும் இணைந்து அவ்வாண்டிலேயே அமைத்த தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் இதற்குத் துணைநின்றது.

இத்திட்டத்தில் வீடுகளுக்கு 5,000 ரூபாயும் வணிக, தொழில் நிறுவனங்களுக்கு 10,000 ரூபாயும் இணைப்புக்கான வைப்புத்தொகையாகக் கோரப்பட்டன. குடியிருப்போர் நலச் சங்கங்களுடன் கூட்டங்கள் நடத்தப்பட்டு, கோடிக்கணக்கில் தொகை திரண்டது. கட்டுமானப் பணிகள் 2000-ஆம் ஆண்டு தொடங்கின. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் நிறுவனம் தன் முதலீட்டில் கட்டி, குறிப்பிட்ட காலம் இயக்கி, பின்னர் ஒப்படைப்பது என்று ஒப்பந்தமாயிற்று. சுத்திகரிக்கும் கழிவுநீரின் அளவிற்கேற்ப நகராட்சி கட்டணம் செலுத்தும்.

இந்த வரிசை முறையே இங்குக் கவனத்திற்குரியது. மக்களின் வைப்புத்தொகை திரளத் தொடங்கியது, கட்டணம் செலுத்துவோர் உளர் என்பதற்குச் சான்றாயிற்று. அச்சான்று கடன் தருவோரின் ஐயத்தையும் ஒப்பந்ததாரரின் ஐயத்தையும் குறைத்தது. அரசின் கடனும் மானியமும் எஞ்சிய இடைவெளியை நிரப்பின. வீடும் கடையும் தொழிற்கூடமும் ஒரே நகராட்சிக்குள் இருந்தமையால்தான் வேறுபட்ட தொகையைக் கோர முடிந்தது.

இதற்கு ஒரு வரம்பும் உண்டு. 5,000 ரூபாய் வைப்புத்தொகை என்பது வீட்டு உரிமையாளரை நோக்கிய கோரிக்கை. தமக்கெனப் பட்டாவோ பத்திரமோ இல்லாத குடும்பத்திற்கு அவ்வாறு வைப்புச் செலுத்துவதற்கான காரணமும் இல்லை, வழியும் இல்லை. ஆகவே ஆலந்தூரின் வெற்றி நில உரிமையின் மேல் நின்ற வெற்றி எனலாம்.

கண்ணகி நகர் முதல் பெரும்பாக்கம் வரை

இதே காலத்தில், ஆலந்தூருக்குத் தென்கிழக்கே வேறொரு வரலாறு உருவாகிக்கொண்டிருந்தது. 2000-ஆம் ஆண்டு தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. பழைய மாமல்லபுரம் சாலை தகவல் தொழில்நுட்ப வழித்தடமாயிற்று. ஏறத்தாழ அதே ஆண்டில் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் குடிசை மாற்று வாரியம் கண்ணகி நகரை உருவாக்கி, நகரின் நீர்நிலைக் கரைகளிலும் சாலையோரங்களிலும் வாழ்ந்த குடும்பங்களை அங்குக் குடியமர்த்தியது. கண்ணகி நகரில் 15,000-க்கும் மேற்பட்ட குடியிருப்புகள் எழுந்தன. அடுத்துச் செம்மஞ்சேரியில் 6,000-க்கும் மேற்பட்டவை. அங்கு 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்டோரும் குடியேற்றப்பட்டனர். அதன்பின் பெரும்பாக்கத்தில் ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பித்தல் திட்டத்தின்கீழ் எட்டு அடுக்குக் கட்டடங்கள் எழுந்தன. 2015-ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் பலவும் அங்கு அனுப்பப்பட்டன.

தனியார் முதலீடு இவ்விடங்களிலிருந்து தொலைவில் இல்லை. சோழிங்கநல்லூரின் கண்ணாடிக் கட்டடங்கள் பெரும்பாக்கத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளன. அக்கட்டடங்களைத் துப்புரவு செய்வோரிலும் காவல் காப்போரிலும் இக்குடியிருப்பினர் பலர். உழைப்பு இங்கிருந்து அங்குச் செல்கிறது. முதலீடு அங்கிருந்து இங்கு வருவதில்லை. இதற்கான காரணத்தை மக்களின் வறுமையில் மட்டும் தேடுவது பொருந்தாது; குடியிருப்பின் அமைப்பிலும் தேட வேண்டும்.

முதலாவது, இவை ஏறத்தாழ ஒரே வருவாய்ப் பிரிவினரை மட்டும் கொண்டவை. சந்தை விலையில் விற்கத்தக்க மனையோ வணிக வளாகமோ வரைபடத்தில் போதிய அளவில் இல்லை. ஆதலின் குறுக்கு மானியத்திற்கு இடமில்லை. பராமரிப்பு முழுவதும் வாரியத்தையும் குடியிருப்போரையுமே சார்ந்தது. இரண்டாவது, நிலம் வாரியத்தினுடையது. உரிமைப் பத்திரம் கைக்கு வராத வீட்டை ஈடுவைத்துத் தொழிற்கடன் பெற இயலாது. மூன்றாவது, எட்டு அடுக்குக் கட்டடத்தில் வீட்டை விரிவுபடுத்த வழியில்லை. தரைத்தளத்தில் வாழ்வோர் சன்னலைத் திறந்து பெட்டிக்கடை நடத்தலாம். ஏழாம் தளத்தில் வாழ்பவருக்கு அதுவும் இல்லை. நான்காவது, குடியமர்வு தொடங்கிய காலத்தில் பெரும்பாக்கம் ஒரு கிராம ஊராட்சியே. ஒரு நகரத்தின் அளவிற்கு மக்கள் வந்தபோதும், ஆலந்தூரைப் போல் கடன் பெறவும் ஒப்பந்தம் செய்யவும் வல்ல நகராட்சி அங்கு இல்லை.

இத்தனைக்கும் இடையே இக்குடியிருப்புகளில் இட்லிக் கடையும் தையற்கடையும் மீன் விற்பனையும் தாமாகவே தோன்றின. வரைபடம் மறுத்த கலப்புப் பயன்பாட்டை மக்கள் தம் சேமிப்பால் உண்டாக்கினர். ஆனால் திட்ட ஆவணங்கள் இதனை முதலீடு என்று எண்ணாமல் ஆக்கிரமிப்பு என்றே பெரிதும் எண்ணின.

ஒப்பீடு

நான்கு நிகழ்வுகளையும் ஒருங்கே நோக்கின், தனியார் முதலீடு எளிய மக்களின் பகுதிக்குப் பயன்பட மூன்று நிலைகள் தேவைப்படுவது புலப்படுகிறது. பொதுமுதலீடு முன்செல்ல வேண்டும். குடியிருப்போரின் உரிமை உறுதிப்பட வேண்டும். வெவ்வேறு வருவாயும் பயன்பாடும் ஒரே கணக்கிற்குள் வர வேண்டும். குரோம்பேட்டையில் முதலாவது மட்டும் இருந்தது. மனைப்பிரிவுகளில் மூன்றும் இருந்தன. ஆலந்தூரில் உரிமை உடையோர்க்கு மூன்றும் இருந்தன. பெரும்பாக்கத்தில் பொதுமுதலீடு மிகுதியாக இருந்தும் ஏனைய இரண்டும் இல்லை.

அன்று புறநகர் நிலம் மலிவாக இருந்தது, இன்று அம்முறை இயலாது என்னும் மறுப்பு எழலாம். நிலவிலை உயர்ந்துள்ளது என்பது உண்மையே. ஆனால் மறுகுடியமர்வுகளில் நிலத்தை அரசு ஏற்கெனவே தன்வசம் வைத்துள்ளது. விலை உயர்ந்த நிலத்தின் ஒரு பகுதியை வணிகப் பயன்பாட்டிற்கு ஒதுக்கினால் கிடைக்கும் வருவாயும் உயர்ந்ததாகவே இருக்கும். ஆகவே இம்மறுப்பு குறுக்கு மானியத்திற்கு எதிரான வாதமாகாமல் அதற்குச் சார்பான வாதமாகவே முடிகிறது.

முடிவுரை

குடிசை மாற்று வாரியம் 2021-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. தனியார் முதலீட்டை மலிவு விலை வீட்டுவசதிக்கு ஈர்க்கும் நோக்குடைய தமிழ்நாடு உறைவிட நிதியத்திற்கு, 2020-ஆம் ஆண்டு உலக வங்கி ஒப்புதல் அளித்த 5 கோடி டாலர் திட்டம் துணைநிற்கிறது. ‘குடிசை மாற்று’ என்பது ‘வாழ்விடம்’ ஆனது சொல்லளவில் நல்ல மாற்றம். அச்சொல்லுக்கு உரிய பொருள் கிடைக்க வேண்டுமாயின், புதிய நிதியங்கள் எத்தனை வீடுகள் கட்டின என்பதோடு, அவ்வீடுகளுக்குரிய பத்திரங்கள் எத்தனை வழங்கப்பட்டன, எத்தனை கடைகளுக்கு வரைபடத்திலேயே இடம் அளிக்கப்பட்டது என்பனவும் கணக்கிடப்பட வேண்டும். அடிப்படை வசதிகளை இன்னும் நிறைவு செய்ய வேண்டிய நிலையிலுள்ள தாம்பரம் மாநகராட்சிக்கு ஆலந்தூர் ஒருபுறமும் பெரும்பாக்கம் மறுபுறமும் அண்டை ஊர்கள். இவ்விரண்டில் எதன் வழியில் அது செல்லப்போகிறது என்பது, வெளியிலிருந்து எவ்வளவு முதலீடு வருகிறது என்பதைக் காட்டிலும், ஏற்கெனவே அங்கு வாழ்வோரின் சிறுமுதலீட்டை அது முதலீடாக ஏற்கிறதா என்பதையே பொறுத்ததாகும்.