கவலை நின்றது, கணக்கு வந்தது

உழவர் பெருந்தலைவர் என்று கொங்கு நாட்டார் இன்றும் சொல்லும் சி. நாராயணசாமி நாயுடு 1925இல் பிறந்தவர். கோவைக்கு வடக்கே வையம்பாளையத்தில் தோட்டம் வைத்துப் பயிர் செய்தவர். அவருடைய எழுச்சிக்குக் காரணம் கேட்டால் துணிச்சல், பேச்சு, நேர்மை என்று பலரும் அடுக்குவார்கள். அவை எல்லாம் அவரிடம் இருந்தன. ஆனால் துணிச்சலும் நேர்மையும் உள்ள விவசாயிகள் அதற்கு முந்தைய தலைமுறையிலும் இருந்தார்கள். அவர்கள் பின்னால் லட்சம் பேர் திரளவில்லை. அவரைத் தலைவராக்கியது கிணறும், அந்தக் கிணற்றுக்கு வந்து சேர்ந்த மின்கம்பியும்தான் என்பது என் வாதம்.

கோவை வட்டாரத்தில் மழை குறைவு. தஞ்சையைப் போல ஆறு வந்து வயலை நனைக்கும் பூமி இல்லை. பாறையை வெடி வைத்து உடைத்து, தலைமுறை தலைமுறையாக ஆழப்படுத்திய கிணறுகளே தோட்டங்களின் உயிர். விடியுமுன் நீர் இறைக்கும் கவலை பூட்டி, எருதுகள் சரிவில் இறங்கி வடத்தை இழுக்க, சால் மேலே வந்து வாய்க்காலில் கொட்டும். இதில் அரசாங்கத்துக்கு இடமே இல்லை. எருது தன்னுடையது, கயிறு தன்னுடையது, உடம்பு தன்னுடையது. தண்ணீர் குறைந்தால் வானத்தை நோகலாம், விளைச்சல் குறைந்தால் விதியை நோகலாம். எதிரே நின்று கேள்வி கேட்க ஆள் கிடையாது. பக்கத்துத் தோட்டக்காரருக்கும் அதே துயரம் உண்டு. ஆனாலும் அவரவர் துயரம் அவரவர் கிணற்றோடு நின்றது.

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் கோவையிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். விடுதலைக்குப் பின் கிராமங்களுக்கு மின்சாரம் வேகமாகப் பரவியது. கவலைகள் ஒவ்வொன்றாக நின்றன, கிணற்றுமேட்டில் மோட்டார் அறைகள் எழுந்தன. உழைப்பு குறைந்தது, பாசனப் பரப்பு கூடியது. ஆனால் தண்ணீருக்கு முதல்முறையாக ஒரு விலை எழுதப்பட்டது, அதை எழுதியது மின்சார வாரியம். நூற்றுக்கணக்கான ஊர்களில் சிதறிக் கிடந்தவர்கள் ஒரே காலத்தில் ஒரே மாதிரியான ரசீதைக் கையில் வாங்கினார்கள். ஒரு பைசா ஏறினாலும் எல்லோருக்கும் ஒன்றாக ஏறியது. முறையிட ஒரு முகவரியும் கிடைத்தது. சங்கம் பிறக்க இதைவிட வளமான மண் வேண்டியதில்லை.

1970இல் மின்கட்டணம் யூனிட்டுக்கு 2 பைசா உயர்ந்தபோது இந்த ஒற்றுமை வெளிப்பட்டது. அந்த ஆண்டு ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். இரண்டு பைசாவுக்காகவா உயிர் என்று அன்றும் கேட்டவர்கள் உண்டு. பருத்திக்கும் கரும்புக்கும் தான் விலை சொல்ல முடியாத விவசாயி, செலவுக் கணக்கிலும் பிறர் சொல்லும் விலையை ஏற்க வேண்டியிருந்தது. அந்த இரண்டு பைசாவின் கனம் அங்கே இருந்தது. 1972இல் மீண்டும் கட்டணம் ஏறியபோது, நாயுடுவின் அழைப்பை ஏற்று ஆயிரக்கணக்கான கட்டை வண்டிகள் கோவைக்குள் நுழைந்து தெருக்களை அடைத்து நின்றன. கவலையிலிருந்து விடுபட்ட எருதுகளே வீதிக்கு வந்தன என்று சொல்லத் தோன்றுகிறது. ஓட்டிப் போகும் ஆளைச் சிறையில் அடைக்கலாம்; வண்டியையும் மாட்டையும் எங்கே கொண்டுபோய் வைப்பது? ஆயுதம் இல்லாத மக்கள் தங்கள் அன்றாடக் கருவியை வைத்தே ஒரு நகரத்தை நிறுத்தினார்கள். ஜூலை 5 அன்று மாநிலத்தின் பல இடங்களில் நடந்த துப்பாக்கிச் சூடுகளில் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இந்தப் போராட்டத்தைச் சாதித் திரட்சி என்று ஒதுக்குவோர் உண்டு. அந்த வாதம் நிற்காது. நாயுடு தெலுங்கு பேசும் சமூகத்தவர். அவர் பின்னால் நின்றவர்களில் பெரும் பகுதியினர் கொங்கு வேளாளர். உறவுமுறையோ குலதெய்வமோ இவர்களை இணைக்கவில்லை; மின்கட்டண ரசீது இணைத்தது.

இன்னொரு மறுப்பு கடுமையானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மோட்டார் வைத்திருந்தவர் நிலம் உள்ளவர். நிலமற்ற கூலியாளுக்கு இந்தப் போராட்டத்தில் என்ன இருந்தது? கூலி உயர்வு கேட்டதன் பின்னணியில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது 1968 டிசம்பரில், இந்தக் கிளர்ச்சிக்கு ஒன்றரை ஆண்டு முன்புதான். விவசாயி என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நிலக்காரரையும் கூலியாளையும் சேர்த்துப் பேசியது நாயுடுவின் விவசாயிகள் சங்கத்தின் பலவீனம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொங்குத் தோட்டக்காரர்களில் கணிசமானோர் குடும்பத்தோடு மண்ணில் இறங்கி உழைத்த சிறு உடைமையாளர்கள். அவர்களைப் பெருநிலக்கிழாரோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமல்ல. நிலத்தடி நீர் வற்றியதற்குப் பின்னர் வந்த இலவச மின்சாரமே காரணம் என்ற குற்றச்சாட்டிலும் உண்மை உண்டு. ஆனால் நாயுடு முதலில் எழுப்பிய கோரிக்கை கட்டுப்படியாகும் கட்டணம். விளைபொருளுக்கு நியாய விலை கிடைத்திருந்தால் இலவசம் அத்தனை அவசியமாகியிருக்காது. விலையைத் தருவதைவிட மின்சாரத்தைத் தருவது ஆட்சிகளுக்கு எளிதாக இருந்தது.

இங்கேதான் 1982இல் அவர் எடுத்த முடிவைப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு நாயுடு இந்திய விவசாயிகள் உழைப்பாளர் கட்சியைத் தொடங்கினார். சங்கமாக இருந்தவரை, தி.மு.க.வுக்கு வாக்களித்தவரும் அ.தி.மு.க.வுக்கு வாக்களித்தவரும் சங்கத்தின் பச்சைத் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரே திண்ணையில் உட்காரலாம். இரு கட்சிகளும் அந்தத் திண்ணையைப் பார்த்து அஞ்சின. கட்சியானதும், அதே ஆள் தன் பழைய கொடியை இறக்கிவிட்டு வர வேண்டியதாயிற்று. பலரும் வரவில்லை. கட்சி வேரூன்றவும் இல்லை. அதிகாரத்தில் பங்கில்லாமல் கையேந்திக்கொண்டே இருப்பதா என்ற அவருடைய கேள்வி நியாயமானது. அரசியலுக்கு வந்ததற்காக அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பலன் எந்த வழியில் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1984இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு மின்கட்டணத்தை நீக்கியது. சில ஆண்டுகளில் கருணாநிதி அரசு அதை எல்லா விவசாயிகளுக்கும் விரித்தது. அவர் கட்சியின் ஒரு சட்டமன்ற உறுப்பினர்கூட இதற்குத் தேவைப்படவில்லை. போட்டியிட்ட இரண்டு பெரிய கட்சிகளுக்கும் தோட்டக்காரர் வாக்கு எந்தப் பக்கம் சாயும் என்ற நிச்சயமின்மை போதுமானதாக இருந்தது.

1984 டிசம்பர் 21 அன்று, வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, பிரச்சாரத்துக்குச் சென்றிருந்த கோவில்பட்டியில் அவர் இறந்தார். கிணற்றுப் பாசனத்தில் உருவான தலைவர், மானாவாரிக் கரிசல் பூமியில் கண் மூடினார். சங்கம் பின்னர் பல துண்டுகளாகப் பிரிந்தது. ஆண்டுதோறும் ஜூலை 5 அன்று அந்தத் துண்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே வந்து, துப்பாக்கிச் சூட்டில் மாண்ட அதே விவசாயிகளுக்கு மாலை போடுகின்றன.