கரையும் துறையும்

கரை என்று சொல்லிப் பாருங்கள். ககரத்தின் வன்மையில் தொடங்கும் ஓசை, ரகரத்தில் நாவின் நுனியைத் தொட்டு, ஐகாரத்தில் அகன்று போகிறது. நீர் முடிந்து நிலம் தொடங்கும் விளிம்புக்கு நம் முன்னோர் இட்ட பெயர் இது. விளிம்பு என்னும் பொருளிலிருந்தே சேலைக்கும் வேட்டிக்கும் கரை வந்தது. துன்பத்தைக் கடலாக எண்ணியவர்கள் அதிலிருந்து மீள்வதைக் கரையேறுதல் என்றார்கள். எல்லை தெரியாத அன்பைக் கரைகாணாத அன்பு என்றார்கள். மலையாளத்தார் இச்சொல்லை இன்னும் ஒரு படி உள்ளே கொண்டுசென்றனர். அவர்களுக்குக் ‘கர’ விளிம்பு மட்டுமன்று, நீருக்கு எதிரான நிலம் முழுவதுமே கர. ஊரின் ஒரு பிரிவும் கர, அப்பிரிவைச் சேர்ந்தவர் கரக்கார்.

காகம் கரைவதும் உப்புக் கரைவதும் ஒலியால் இதனோடு ஒத்து நின்றாலும் அவை வேறு வேர்கள் என்றே கொள்ளத் தோன்றுகிறது. இலங்கைத் தமிழர் தொல்லை என்னும் பொருளில் நாள்தோறும் வழங்கும் ‘கரைச்சல்’ அந்த உருகும் கரைதலிலிருந்து வந்தது. மனம் கரையும்படி வருத்துவது கரைச்சல். அழகான சொல், தமிழ்நாட்டார் கடன் வாங்கிக்கொள்ளத் தக்கது.

நான் சொல்ல வந்தது கரையின் மற்றொரு பொருளை. தஞ்சைப் பகுதியிலும் தொண்டை மண்டலத்திலும், பரம்பரை நிலவுரிமையான காணியாட்சி நிலவிய ஊர்களில் நிலத்தைப் பங்குகளாக வகுத்து, பங்குகள் சிலவற்றைச் சேர்த்து ஒரு கரை என்றார்கள். ஆண்டுகள் சில கழிந்ததும் யார் எந்த நிலத்தை உழுவது என்பதை மாற்றி வகுத்துக்கொள்வதற்குக் கரையீடு என்று பெயர். ஒருவனுக்கே நல்ல வயலும் மற்றவனுக்கே மேட்டு வயலும் என்றைக்கும் நின்றுவிடக் கூடாது என்னும் எண்ணம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கங்களில் இன்றும் திருவிழா அழைப்பிதழ்களில் கரைக்காரர்கள் முன்வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் ஆற்றின் கரையில் நிற்பவர்களல்லர், ஊரில் உரிமைப் பங்கு உடையவர்கள். விளிம்பைக் குறித்த சொல் உடைமையைக் குறித்தது. நிலத்துக்கு எல்லை இட்டாலன்றிப் பங்கு இல்லை என்பதால் இந்தப் பொருள்வளர்ச்சி எனக்கு மிக இயல்பாகவே படுகிறது.

இந்தச் சொல்லை நாவில் சுமந்துகொண்டுதான் திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் புறப்பட்டவர்கள் மன்னார் வழியாக இலங்கையின் மலையகத் தோட்டங்களுக்கு ஏறினார்கள். கரையும் பங்கும் உடைய குடிகள் ஊரிலேயே இருந்துவிட, அவை இல்லாதவர்களே பெரும்பாலும் கப்பல் ஏறினார்கள் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். அவர்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் நீருக்குக் குறைவில்லை. நீரின் பெயர்கள்தாம் வேறு. ஓடும் நீர் சிங்களத்தில் ஓயா. நானுஓயா, ஆக்ராஓயா, கொத்மலை ஓயா என்று அது ஊர்ப்பெயர்களிலும் குடியேறியது. ஹட்டனுக்கு அண்மையில் ஓடும் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கூடினால் அது கங்கை ஆகிவிடுகிறது. களனி கங்கை என்று கொழும்பு வரை ஓடுகிறது. வடநாட்டு ஆறு ஒன்றின் பெயர் இங்கே பேராறு என்னும் பொதுப்பெயராயிற்று. நுவரெலியாவின் ஏரிக்கு ஆளுநர் வில்லியம் கிரகரியின் பெயர். 1870களில் ஓடையை மறித்து ஆக்கியது. அதைத் தமிழில் கிரகரி வாவி என்கிறோம், சிங்களத்தார் வெவ என்கிறார்கள். வாவியும் வெவவும் வடமொழி வாபி என்னும் ஒரே தாயின் பிள்ளைகள். ஒன்று நெடிலை வைத்துக்கொண்டு இகரத்தில் முடிந்தது, மற்றது உயிரைக் குறுக்கிக்கொண்டது.

பெயர் யாருடையதாயினும் கரை யாருடையது? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் ஆளில்லா நிலமும் வேறு சான்று இல்லாதவரை பிரித்தானிய முடிக்குரியவை என்று கொண்டது. முடிக்குரிய நிலத்தை ஏக்கர் 5 சிலிங் விலையில் கூட வாங்க முடிந்த காலம் அது. கோப்பிக்காக வாங்கிய மலைச்சரிவுகள், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின், தேயிலை ஆயின. தோட்டத்தின் எல்லையை ஓடை வரைக்கும் எழுதிக்கொண்டால் ஓடையின் கரையும் தோட்டத்துக்குள் வந்துவிடும் அல்லவா? கரைநிலம் உடையவருக்கு நீரில் என்ன உரிமை என்னும் கேள்வி அங்கே பிறக்கிறது.

இலங்கையின் பொதுச்சட்டம் உரோம-ஒல்லாந்தச் சட்டம். அதன் ஊற்றான இலத்தீனில் கரைக்கு ரீபா என்று பெயர். கரையுடையோர் உரிமைக்கு ஆங்கிலச் சட்டத்தார் வழங்கும் ரிப்பேரியன் என்னும் அடைமொழி அதிலிருந்து வந்தது. உரோமர் ஒரு நுட்பம் செய்தார்கள். கரையின் உடைமை பக்கத்து நிலக்காரனுக்கு, ஆனால் கரையின் பயன்பாடு, ஆற்றைப் போலவே, எல்லோருக்கும். யாரும் படகை ஒதுக்கலாம், அங்குள்ள மரத்தில் கயிறு கட்டலாம், சுமையை இறக்கி வைக்கலாம். மரம் மட்டும் நிலக்காரனுடையது. அதே இலத்தீனில் சிற்றோடைக்கு ரீவுஸ் என்று பெயர். ஒரே ஓடையில் நீர் எடுப்பவர்கள் ரீவாலெஸ். அச்சொல்தான் ஆங்கிலத்தில் ரைவல் என்று போட்டியாளனைக் குறிக்கலாயிற்று. வியப்பதற்கு ஒன்றுமில்லை; பங்கு உடைய பங்காளியைச் சண்டைக்காரனாக்கிப் பங்காளிச் சண்டை என்று நாமும் வழங்கவில்லையா?

உடைமை வேறு, பயன்பாடு வேறு என்று உரோமர் பிரித்துக் காட்டியதற்குத் தமிழில் தனித்தனிச் சொல்லே உண்டு என்பதுதான் என் மகிழ்ச்சி. கரை நெடுக ஓடுவது. அதில் மக்கள் இறங்கி நீரைத் தொடும் இடம் துறை. நீராடும் துறை, வண்ணான் துறை, ஓடத்துறை, படித்துறை என்று எந்தத் துறையை எடுத்தாலும் அதன் முன்னே ஒரு செயலோ செய்யும் ஆளோ நிற்பதைக் காணலாம். கரைக்கு உடையவர் இருப்பார், துறைக்கு வருபவர் இருப்பார். இறங்கும் வழி என்பதிலிருந்து துறை, அறிவின் வழி என்றாகி, பாட்டின் துறையாகி, தமிழ்நாட்டில் அரசின் துறையும் ஆயிற்று. இலங்கையிலோ அரசு அலுவலகத்துக்குத் திணைக்களம் என்று பெயர். அகப்பொருளின் திணையை ஈழத்தார் எடுத்துக்கொள்ள, துறையைத் தமிழகத்தார் எடுத்துக்கொண்டார்கள். அதனால் இலங்கையில் துறை என்றால் பருத்தித்துறை, காங்கேசன்துறை என நீரின் வாடை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

மலையகத்தில் இச்சொல்லுக்கு ஓர் ஒலி நெருக்கடியும் நேர்ந்தது. தோட்டத்தை ஆண்டவர் துரை. பெரிய துரை, சின்னத் துரை. தெலுங்கின் தொர என்பதிலிருந்து வந்தது இது. இடையின ரகரத்துக்கும் வல்லின றகரத்துக்கும் பேச்சில் வேறுபாடு தேய்ந்துவிட்ட நாவுக்குத் துரையும் துறையும் ஒன்றுதான். தோட்டத்தில் எந்தத் துறையில் இறங்குவதற்கும் துரையின் சொல் வேண்டியிருந்தது என்று நினைக்கையில் இந்த ஒலிமயக்கம் என்னை வருத்துகிறது.

சட்டத்துக்கு மீள்வோம். 1947ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், இப்போது அரச காணிகள் கட்டளைச் சட்டம், பொது ஏரி, பொது நீரோடை ஆகியவற்றின் நீரை ஆளும் உரிமையை அரசிடம் வைத்தது. கரைநிலத்தில் இருப்போர் வீட்டுத் தேவைக்கும் கால்நடைக்கும் நீர் எடுக்கலாம். மறிப்பதற்கும் திருப்புவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். ஓடையின் ஊற்றையும் போக்கையும் காக்க நிலத்தை ஒதுக்கி வைக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. அரசு வழக்கில் அது ஒதுக்கம். ஒதுங்கு என்னும் தன்வினையில் மழைக்கு ஒதுங்கியவனின் பணிவு இருக்கிறது. ஒதுக்கு என்று பிறவினையானதும் ஒரு கை வந்து விலக்குகிறது. ஒதுக்க நிலத்தில் எத்தனை ஆண்டு இருந்தாலும் அந்த ஆட்சியால் உரிமை பிறக்காது. தனியார் நிலத்தில் 10 ஆண்டு தடையின்றி ஆண்டவன், 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உரிமை கோர இயலும் நாட்டில், தலைமுறைகளாக ஓடையருகே லயம் என்னும் தோட்டத்து வரிசை வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு அந்த வாயில் திறக்கவில்லை. வேலை செய்பவராக அங்கே இருத்தப்பட்டவரின் இருப்பு ஆட்சி ஆகாது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, நிலம் நெடுநாள் குத்தகைக்குப் போனது. உடையவரும் குத்தகைக்காரரும் மாறினார்கள். லயத்தில் இருந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள், கரையின் இரண்டு பொருளிலும் கரையற்றவர்களாக.

ஆயினும் அவர்கள் தமக்கென ஒரு சொல்லை வைத்துக்கொண்டார்கள். பீலி. மேட்டு ஊற்றையோ ஓடையையோ மூங்கிலாலும் தகரத்தாலும் பின்னர்க் குழாயாலும் இழுத்து, குளிக்கவும் துவைக்கவும் குடிக்கவும் ஓரிடத்தில் விழச்செய்வது பீலி. யாழ்ப்பாணத்தில் கூரை நீர் வழியும் தகரமும் பீலிதான். சிங்களத்தில் பீல்ல என்று அதே பொருளில் அருகே நிற்கிறது. தமிழ் இலக்கியத்தின் பீலியோ மயிற்பீலி. தோட்ட மக்கள் கணக்கின், அதாவது தோட்டப் பிரிவின், பெயரால் மேல்கணக்குப் பீலி, கீழ்க்கணக்குப் பீலி என்று வழங்கி, பீலி இருக்கும் இடத்தைப் பீலிக்கரை என்றார்கள். கவனியுங்கள்: பீலிக்கு விளிம்பே இல்லை, விழும் நீர் ஒன்றே உண்டு. இருந்தும் அங்கே ஒரு கரையை உண்டாக்கினார்கள். கொழுந்துக்கூடை இறக்கி வைத்த பெண்கள் முறைவைத்துக் குளிக்கிற, ஊர்ச்செய்தி பரிமாறுகிற, சில நேரம் வாளியை முந்தி வைத்ததற்குச் சண்டையிடுகிற அந்த இடம் இலக்கணப்படி துறை. கரை என்று அவர்கள் பெயரிட்டதில் சொல்லுக்குள் இருந்த பங்கு என்னும் பழம்பொருளும் விழித்துக்கொண்டதாகவே நான் வாசிக்கிறேன்.

கரை நகரவும் செய்தது. களனியின் மேல்நீரை மின்சாரத்துக்காகத் தேக்கியபோது 1965இல் காசல்ரீயும் 1969இல் மவுஸ்ஸாகலையும் நீர்த்தேக்கங்களாயின. பழைய மஸ்கெலியா நகரம் மவுஸ்ஸாகலை நீருக்குள் போனது, நகரம் மேலே புதிதாக எழுந்தது. வறட்சியில் நீர் இறங்கினால் பழைய வழிபாட்டிடங்களின் இடிபாடுகள் வெளியே தெரியும். முன்பு மலைச்சரிவாக இருந்த தேயிலைமலை இப்போது ஏரிக்கரை. அதன் ஓரத்துப் பங்களாக்கள் சில சுற்றுலா விடுதிகளாகி, கரைநிலத்துக்குக் காட்சியின் விலையும் சேர்ந்துகொண்டது. தலவாக்கலையில் 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டத்துக்காகவும் குடும்பங்கள் இடம் மாறின. நட்ட ஈடு யாருக்கு, எந்த அளவில் என்று கணக்கிடும்போதெல்லாம் முதலில் கேட்கப்படுவது உறுதி.

உறுதி! திண்மையைக் குறிக்கும் பண்புப்பெயரை நிலப்பத்திரத்துக்குப் பெயராக்கியது இலங்கைத் தமிழின் அருஞ்செயல். 2015க்குப் பின் மலையகத்தில் 7 பேர்ச் நிலத்தோடு தனி வீடு கட்டித்தரும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ 1,900 சதுர அடி நிலம், அதற்கு உறுதி. அந்த உறுதிகளில் நான்கு எல்லைகளும் அளவும் இருந்தால் போதாது என்பது என் கருத்து. யாழ்ப்பாணத்துப் பழைய உறுதிகளில் நிலத்தோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்படுவது வழக்கம். கிணறு அயல் காணிக்குள் இருந்தாலும் அந்த ஒரு தொடரால் பேரன் காலத்திலும் வாளியோடு போகலாம். மலையகத்து 7 பேர்ச்சுக்குப் பெரும்பாலும் நீர் வருவது தோட்டத்து நிலத்தில் உள்ள ஊற்றிலிருந்து. கரை அரசுடையதாகவோ கம்பனியின் குத்தகையிலோ இருக்கட்டும். வீட்டு உறுதியில் ‘பீலிப் பங்கும் துறைவழியும்’ என்று இரண்டு சொல் சேர்த்து எழுதச் சட்டத்தரணிகள் முன்வர வேண்டும். ஊற்றின் பெயரையும், அது எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதையும், அதற்கு ஏறிப்போகும் பாதையையும் அங்கேயே குறித்துவிடலாம்; பெயர்களை அந்த லயத்து மூத்த பெண்களிடம் கேட்டால் சொல்லுவார்கள்.