வெட்டுக்கிளி: எல்லையூர்ச் சொல்லும் பயிரழிவு வரலாறும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களில் வெட்டுக்கிளி என்னும் பெயர் தமிழுக்கும் மலையாளத்திற்கும் பொதுவானது. 1956இல் வகுக்கப்பட்ட மாநில எல்லை அதனைப் பிரிக்கவில்லை. தமிழில் தத்துக்கிளி, மலையாளத்தில் புல்ச்சாடி என வேறு சொற்கள் இருந்தும், தனித்து வாழும் பூச்சியையும் திரண்டு பயிரழிப்பதையும் இவ்வொரு சொல்லே பெரிதும் குறிக்கிறது.

பயிரழிவு பற்றிய அச்சம் பழமையானது. குறள் 732இன் உரையில் பரிமேலழகர் நாட்டுக்குரிய கேடுகளுள் எலி, கிளி ஆகியவற்றோடு விட்டிலையும் எண்ணுகிறார். 1876-78 பஞ்சத்தில் நலிந்த சென்னை மாகாணத்தில் 1878இல் பம்பாய் வெட்டுக்கிளி பரவியது. எஞ்சிய விளைச்சலும் அதற்கு இரையாயிற்று. 1901-08இல் அவ்வினம் இந்தியாவில் மீண்டும் பெருகியது.

2020இல் வடஇந்தியாவில் பாலைவன வெட்டுக்கிளி பரவியபோது, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எருக்கஞ்செடிகளில் மொய்த்த உள்ளூர் இனமும் பெயரொற்றுமையால் அச்சமூட்டியது. அது படையெடுக்கும் இனமன்று என வேளாண் அறிஞர் தெளிவுபடுத்த நேர்ந்தது. ஆயினும் மக்கள் வழக்கை முற்றும் பிழை எனல் பொருந்தாது. தனித்திரிதலும் திரளாதலும் ஓரினத்தின் இரு நிலைகளாகலாம் என 1921இல் உவரோவ் காட்டினார்.