ஃபிராங்க்ளின் ஏன் தன் கண்ணாடியைப் பாதியாக வெட்டினார்?

1/ நாற்பதைத் தாண்டியவங்க, இப்போ கையில இருக்கிற போனை எவ்வளவு தள்ளிப் பிடிச்சிருக்கீங்கன்னு பாருங்க. கை நீண்டுகிட்டே போகுதா? வெள்ளெழுத்து வந்தாச்சு! பயப்படாதீங்க, நோய் இல்லை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக விறைத்துப் போகிறது. பக்கத்தில் இருப்பதைப் பார்க்க முன்போல அது வளைந்து கொடுப்பதில்லை. அவ்வளவுதான்.

2/ அடுத்து கண்ணாடிக் கடையில் கேட்பாங்க: "பைஃபோகலா, புரோகிரஸிவா?" நாம பார்ப்பது ரெண்டே விஷயம். ஒண்ணு விலை. இன்னொண்ணு, "நடுவுல கோடு தெரிஞ்சா வயசான மாதிரி இருக்குமே!" இந்த ரெண்டு கண்ணாடியும் எதுக்காகப் பிறந்தது என்ற கதை தெரிஞ்சா, நீங்க வேற கேள்வி கேட்பீங்க. வாங்க பார்ப்போம்.

3/ வருடம் 1785. பாரிஸை ஒட்டிய பாஸி என்ற ஊர். அமெரிக்காவின் தூதராக அங்கே இருக்கிறார் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். வயது 79. முன்பு அவரிடம் ரெண்டு கண்ணாடி: வாசிக்க ஒன்று, தூரத்துக்கு ஒன்று. மாத்தி மாத்திப் போட்டு அலுத்துப் போனவர், ரெண்டு லென்ஸையும் பாதியாக வெட்டி ஒரே வளையத்தில் பொருத்தச் செய்திருந்தார். மேல்பாதி தூரத்துக்கு, கீழ்பாதி பக்கத்துக்கு.

4/ அந்த மே மாதம் லண்டன் நண்பர் ஜார்ஜ் வாட்லிக்கு எழுதிய கடிதத்தில் அது குறிப்பாக எங்கே உதவுகிறது என்றும் சொல்கிறார். விருந்தில் உட்கார்ந்தால் தட்டில் இருப்பதும் தெரியணும், எதிரே பேசுபவரின் முகமும் தெரியணும். பிரெஞ்சு அவருக்குத் தாய்மொழி இல்லை. முக அசைவு தெரிந்தால்தான் பேச்சு நன்றாகப் புரிகிறதாம்! பைஃபோகலை முதலில் செய்தது இவர்தானா என்பதில் விவாதம் உண்டு. ஆனால் அவர் தன் கண்ணாடியின் பயனை எடைபோட்டது தன் சாப்பாட்டு மேசையை வைத்து. இதை மனசுல வச்சுக்கோங்க.

5/ பைஃபோகலில் ரெண்டு குறை. கோட்டைத் தாண்டும்போது பிம்பம் டக்குனு குதிக்கும். ஒரு கை தூரத்தில் இருப்பது ரெண்டு பாதியிலும் சரியாகத் தெரியாது. அதுக்காகத்தான் ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் 1820-களில் மூன்று பகுதி கொண்ட கண்ணாடி செய்தார். "பைஃபோகல்" என்ற பெயரை வைத்தவரும் அவரே.

6/ கோடே இல்லாமல், பவர் மேலிருந்து கீழே மெதுவாகக் கூடினால்? 1907-லேயே இங்கிலாந்தின் ஓவன் ஏவ்ஸ் இதற்குக் காப்புரிமை பெற்றார், ஆனால் அது சந்தைக்கு வரவில்லை. கடைசியில் பிரான்ஸின் எஸ்ஸெல் நிறுவனப் பொறியாளர் பெர்னார் மெட்னாஸ் சாதித்தார். 1959-ல் 'வேரிலக்ஸ்' வெளிவந்தது. இன்று நாம் சொல்லும் புரோகிரஸிவ், வேரிஃபோகல் எல்லாம் அதன் வாரிசுகள்.

7/ அப்போ பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. கோடு மறைந்தது, குறை இடம் மாறியது. பவர் கீழ்நோக்கிக் கூடும்போது லென்ஸின் ரெண்டு ஓரங்களும் கலங்கலாவதைத் தவிர்க்கவே முடியாது; அது கணிதம். விலை உயர்ந்த வடிவமைப்பு அதைக் குறைக்கும், இடம் மாற்றும். ஒழிக்காது. அதனால்தான் புரோகிரஸிவ் போட்டவங்க கண்ணை மட்டும் திருப்பாமல் தலையையும் திருப்பிப் பார்க்கணும்.

8/ ரெண்டுக்கும் பொதுவான ஆபத்து ஒன்று உண்டு. கீழ்ப்பகுதி புத்தக தூரத்துக்கானது. படி இறங்கும்போது கண்ணைத் தாழ்த்தினால் அந்தப் பகுதி வழியாகத்தான் படியைப் பார்ப்பீங்க. விளிம்பு மங்கும். கால் தப்பும்.

9/ என் அம்மாவுக்கு அதுதான் நடந்தது. புது புரோகிரஸிவ் போட்ட முதல் வாரம், வாசல்படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தது டாக்டர் மகனான நான்தான். விலை அதிகம்னா நல்லதுன்னு நெனச்சேன். அவங்க நாள் முழுக்க எங்கே நடக்கிறாங்க, எதைப் பார்க்கிறாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலை.

10/ 2010-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு சொல்வது இது: இப்படிப்பட்ட கண்ணாடி போடும் முதியவர்களில், அடிக்கடி வெளியே போகிறவர்களுக்கு நடமாட்டத்துக்குத் தனியாகத் தூரக் கண்ணாடி கொடுத்தபோது விழுவது சுமார் 40% குறைந்தது. ஆனால் அதிகம் வெளியே போகாதவர்கள் வெளியில் விழுவது கூடியது! ஒரே அறிவுரை எல்லாருக்கும் பொருந்தாது.

11/ அதனால் கடைக்குப் போகுமுன் உங்க நாளை எழுதிப் பாருங்க. கம்ப்யூட்டர், சமையல் மேடை, கடை கல்லா என ஒரு கை தூர வேலை அதிகமா? புரோகிரஸிவ் உதவும். வாசிக்கும் பகுதி அகலமாக வேணும், நடுத்தூரம் பெரிசாத் தேவையில்லையா? பைஃபோகல் போதும், செலவும் குறைவு. வருஷக்கணக்கா பைஃபோகல் போட்டுச் சௌகரியமா இருக்கிற பெரியவங்களைக் கட்டாயப்படுத்தி மாத்தாதீங்க. எதைப் போட்டாலும், படி இறங்கும்போது தலையை நல்லாக் குனிஞ்சு மேல்பகுதி வழியா பாருங்க.

12/ ஃபிராங்க்ளின் தன் தட்டையும் எதிரே இருந்தவர் முகத்தையும் வைத்துத் தன் கண்ணாடியை எடைபோட்டார். நீங்க உங்க அம்மா அப்பாவுக்குக் கண்ணாடி வாங்குறதுக்கு முன்னாடி, ஒரு நாள் அவங்க கூடவே நடந்து பாருங்க.