கோலாலம்பூர் மைய இரயில் நிலையமும் தமிழர் உழைப்பும்

பழந்தமிழர் கடாரம் என வழங்கிய நாடே இன்றைய கெடா என்பது வரலாற்றறிஞர் பெரும்பாலோரின் துணிபு. பட்டினப்பாலை குறிக்கும் காழகத்துக்குக் கடாரம் என்றே நச்சினார்க்கினியர் உரை வகுத்தார். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தை எடுப்பித்தவன் கடாரத்தரசன் என ஆனைமங்கலச் செப்பேடுகள் கூறுகின்றன. செமிலிங்கை ஒட்டிய மெர்போக் ஆற்றுப் பகுதியிலும் பூஜாங் பள்ளத்தாக்கிலும் அகழ்ந்தெடுக்கப்பெற்ற கோயில் அடித்தளங்களும் சீனப் பீங்கான் ஓடுகளும் கண்ணாடி மணிகளும் அக்காலத் துறைமுகத்தின் தன்மையைப் புலப்படுத்துகின்றன. அங்கு வந்த வணிகர் எல்லாரும் அங்கேயே தங்க வந்தவரல்லர். காற்றுத் திசை மாறும்வரை காத்திருந்து, ஒரு கலத்துச் சரக்கை மறுகலத்தில் ஏற்றி, கீழ்த்திசைக்கோ சோழமண்டலக் கரைக்கோ புறப்பட்டனர். கடாரத்தின் செல்வம் பெரிதும் இவ்வாறு மாறிச் செல்வோரால் விளைந்ததேயாகும்.

இக்கால மலேசியாவில் அத்தகைய மாறுமிடம் யாதென வினவின், கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் அமைந்துள்ள கே.எல். சென்ட்ரல் நிலையத்தையே சுட்டல் வேண்டும். வடக்கே பாடாங் பெசாரிலிருந்து வரும் மின் தொடர்வண்டியும், புறநகர் வண்டிகளும், விமான நிலையம் செல்லும் விரைவு வண்டியும் அங்கே கூடுகின்றன. அந்நிலையத்தின் வசதிகளைப் பயணிகள் நன்கறிவர். அது நிற்கும் மண்ணுக்கும் தமிழருக்கும் உள்ள தொடர்பை அறிந்தோர் சிலரே. அத்தொடர்பு அந்நிலையத்திற்கு நூறாண்டுக்கும் மேலாக மூத்தது.

மலாயாவின் முதல் இருப்புப்பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைக்கு 1885ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. எட்டுக் கல் தொலைவேயுள்ள அப்பாதையைச் சமைக்க இலங்கையிலிருந்து தொழிற்படையினர் வரவழைக்கப்பெற்றனர். மறு ஆண்டில் கோலாலம்பூரும் கிள்ளான் பக்கமும் இணைந்தன. 1901இல் ஒருங்கிணைக்கப்பெற்ற இரயில்வேக்குத் தலைமை ஏற்ற ஸ்பூனர் என்னும் பொறியாளர் முன்னர் இலங்கையில் பணிபுரிந்தவர். யாழ்ப்பாணத்தார் பலர் எழுத்தராகவும் நிலைய அதிகாரியாகவும் இந்நாட்டு இரயில்வேயில் இடம்பெற்றமைக்கு இத்தொடர்பும் ஒரு காரணமாகும். எழுதுகோல் பிடித்தோர் அவர்கள். கட்டைகளைச் சுமந்தும் சரளைக்கல் கொட்டியும் பாதை காத்தோர் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்த பாட்டாளிகள். இவ்விரு சாராரையும் ஒரே வரியில் எழுதிவிடுவது சிலர் வழக்கம். அவர்கள் பெற்ற ஊதியமும் வாழ்ந்த வீடும் ஒன்றல்ல என்பதை மறத்தலாகாது.

1903ஆம் ஆண்டு பிறையிலிருந்து சிரம்பான் வரை பாதை தொடர்ந்தது. பிறையோ பெருநிலத்தில் உள்ளது. கப்பல்கள் வந்து நின்ற பினாங்கோ தீவு. ஆகவே 1907இல் பினாங்குக் கடற்கரைச் சாலையில் மணிக்கூண்டுடன் ஓர் அழகிய இரயில்வே கட்டடம் எழுந்தது. அதனருகே தண்டவாளம் ஒரு சாணும் இல்லை! பயணச்சீட்டை அங்கே பெற்று, படகேறிப் பிறைக்கு வந்து, வண்டி ஏறல் வேண்டும். தண்டவாளமில்லா நிலையம் என அதனை வேடிக்கையாகக் குறிப்பர். பின்னாளில் சுங்க அலுவலகமாக மாறிய அக்கட்டடம் இன்றும் நிற்கின்றது.

தோட்டத்துக்கென அழைத்துவரப்பெற்ற தமிழர்க்கு அந்த மணிக்கூண்டு மாளிகையில் வேலையில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறியோர் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் நாட்கழித்து, பின்னரே பிறை வழியாக உள்நாட்டுத் தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பெற்றனர். கடாரத்தரசன் விகாரம் எழுப்பிய அதே நாகையிலிருந்து, அதே கடாரத்து மண்ணுக்குப் பால்மரம் வெட்ட வந்தோர் அவர்கள். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வடக்கே பிரிந்த கிளைப்பாதை சுங்கை பட்டாணி வழியாக 1915இல் அலோர் ஸ்டாரை அடைந்தது. 1918இல் பாடாங் பெசாரில் சயாம் பாதையுடன் கூடியது. செமிலிங், பீடோங் வட்டாரத் தோட்டங்கள் உலகத்தோடு தொடர்புகொண்டது இப்பாதையால்தான்.

இப்பாதைக்கு ஒரு கொடிய நினைவும் உண்டு. சயாம்–பர்மா மரண இரயில் பாதையின் 415 கிலோமீட்டரை அமைப்பதற்காகச் சப்பானியர் பல்லாயிரம் தோட்டத் தமிழரை வடக்கு நோக்கிச் செல்லும் வண்டிகளில் ஏற்றினர். திரும்பி வராதோர் தொகையை எவரும் முறையாகக் கணக்கிடவில்லை. இளைஞர்க்கு இரயில் வரலாறு கற்பிப்போர் மணிக்கூண்டையும் குவிமாடத்தையும் காட்டி இதனை விட்டுவிடுவராயின், பாதி வரலாறே கற்பித்தவராவர்.

தெற்கே கோலாலம்பூரில் நிகழ்ந்தது வேறு வகை. 1881ஆம் ஆண்டு தீயாலும் வெள்ளத்தாலும் அந்நகரம் அழிந்தபின் வீடுகளைச் செங்கல்லால் கட்டுமாறு ஆணை பிறந்தது. செங்கல் அறுத்த களமே பிரிக்ஃபீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. பின்னர் வண்டிகளைப் பிரித்துக் கோக்கும் பரந்த தண்டவாள முற்றம் அங்கே அமைந்தது. இரயில்வே ஊழியர் குடியிருப்புகள் வரிசை வரிசையாக எழுந்தன. விவேகானந்தர் ஆசிரமமும், யாழ்ப்பாணத்தார் எழுப்பிய கந்தசுவாமி கோவிலும், தமிழ்ப்பள்ளியும், உணவுக்கடைகளும் சூழ்ந்து பிரிக்ஃபீல்ட்ஸ் தமிழரின் தனி ஊராயிற்று. ஹப்பக் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த, குவிமாடங்கள் பொலியும் பழைய நிலையம் 1910இல் எழுந்து உலகோர் கண்ணைக் கவர்ந்தது. அதற்குச் சற்றுத் தெற்கே கிடந்த கரிபடிந்த முற்றத்தை எவரும் படம் பிடித்து அஞ்சலட்டை ஆக்கவில்லை.

அம்முற்றமே, ஏறத்தாழ 72 ஏக்கர் நிலம், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் புதிய நிலையத்துக்கெனத் தேர்ந்தெடுக்கப்பெற்றது. சப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா அதனை வடிவமைத்தார். 2001 ஏப்ரலில் தொலைதூர வண்டிகள் பழைய நிலையத்தை விட்டு இங்கு வரலாயின. 2002இல் விமான நிலைய விரைவு வண்டி ஓடத் தொடங்கியது. 57 கிலோமீட்டரை 28 நிமிடத்தில் கடப்பது அது. பயணப் பெட்டியை நகரிலேயே ஒப்படைத்துவிட்டுக் கைவீசி வண்டியேறும் வசதியும் அக்காலத்தில் அளிக்கப்பெற்றது. விமானத் துறையினர் அந்நிலையத்துக்கு எக்ஸ்.கே.எல். எனக் குறியீடும் வழங்கினர். பினாங்கில் தண்டவாளமில்லா நிலையம். இங்கோ ஓடுதளமில்லா விமான நிலையம்! ஒரு குறையையும் கூறுதல் வேண்டும். 2003இல் வந்த ஒற்றைத் தண்டவாள வண்டியின் நிலையம் சாலைக்கு அப்பால் தனித்து நின்றது. இடையே ஒரு வணிக வளாகம் 2014இல் திறக்கப்பெறும்வரை, முதியோரும் சுமையுடையோரும் அவ்விடைவெளியை நடந்தே கடந்தனர். அந்நிலையம் நிற்கும் சாலை துன் சம்பந்தன் பெயர் தாங்கியது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட நாளில் தொழிலாளரிடம் சிறுதொகை திரட்டி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தவர் அவர்.

விமான நிலையப் பாதையின் 57 கிலோமீட்டரையும் ஒரு தமிழாசிரியர் மாணவர்க்கு விளக்கின், அவர் கூறத்தக்கது நிறைய உண்டு. தொடக்கத்தில் இருப்பது இரயில்வே தமிழரின் பிரிக்ஃபீல்ட்ஸ். நடுவில் வருவது புத்ராஜெயா. அந்நகரம் எழுமுன் அங்கிருந்தது பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போரில் பணிபுரிந்த ஆங்கிலேயர் தொடங்கிய அத்தோட்டம் பெரும்போர் என்னும் பொருள்படும் மலாய்ப் பெயரையே பெற்றது. அங்கு உருவாக்கிய ஒட்டுக்கன்றுகளுக்கு அத்தோட்டப் பெயரின் முதலெழுத்துகளே இடப்பட்டன. பி.பி. 86 என்னும் பெயர் பால்மரம் வெட்டியோர் பலரும் அறிந்தது. அப்பெயரின் மூலம் இன்று ஒரு நிருவாகத் தலைநகரின் கீழ் மறைந்துள்ளது. இறுதியில் வருவது சிப்பாங். 1998இல் திறந்த விமான நிலையத்துக்காக அங்கே எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் எடுக்கப்பெற்றன. அங்கு வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பெயர்ந்தன. நாட்டுக்கு விமான நிலையம் வேண்டாமென்று எவரும் சொல்லார். ஆயினும் தோட்டம் போனபோது தமிழ்க் குடும்பத்துக்கு வேலையோடு வீடும் ஒரே நாளில் போயிற்று என்பதைக் கணக்கில் எழுதுதல் நேர்மை.

பிரிக்ஃபீல்ட்ஸிலும் மாற்றம் நிற்கவில்லை. 2010இல் அப்பகுதி குட்டி இந்தியா என அலங்கரிக்கப்பெற்றுத் திறந்துவைக்கப்பட்டது. 2015இல் இந்திய அரசு அளித்த தோரண வாயிலும் வந்தது. அதே பத்தாண்டில் நூறு வீடு எனப் பெயர்பெற்ற பழைய அரசு ஊழியர் குடியிருப்பு இடிக்கப்பெற்றது. வாயில் வந்தது, வீடு போனது.

2015ஆம் ஆண்டு சூலை முதல் பாடாங் பெசாருக்கும் கே.எல். சென்ட்ரலுக்கும் இடையே மின் தொடர்வண்டி ஓடுகின்றது. செமிலிங்கைச் சேர்ந்த மாணவர் சுங்கை பட்டாணியில் ஏறினால், பாட்டன்மார் பிறையிலிருந்து வடக்கே வந்த தடத்தில் தெற்கே சென்று, அன்றைய தண்டவாள முற்றத்தின் மேல் இறங்குவர். அங்கே படியேறி வண்டி மாறினால் விமான நிலையம். இடையே புத்ராஜெயாவில் நிற்கும் வண்டியைத் தெரிந்தெடுப்போர்க்குப் பயணம் சற்று நீளும்.