கூட்டாளி

'இவன் என் கூட்டாளி' என்று நம்மூரில் ஒருவன் சொன்னால் அதில் ஒரு சந்தோஷம் இருக்கும். பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்தவன், கைமாற்றுக் கேட்டால் கணக்குப் பார்க்காதவன், நம்ம ஆளு. இதே சொல் தமிழ்நாட்டு நாளேடுகளில் பெரும்பாலும் கைவிலங்கோடுதான் வரும். பிரபல ரவுடியின் கூட்டாளி, தப்பியோடிய கூட்டாளி, கூட்டாளிகள் மூவர் கைது. ஒரே சொல்தான். நம்மிடம் நண்பன், அங்கே குற்றத்தில் பங்குள்ளவன்.

இது வெறும் வட்டார வழக்கு வேறுபாடு என்று விட்டுவிடலாம். தமிழ்நாட்டிலேயே தென்மாவட்டப் பேச்சில் கூட்டாளி நண்பன்தான், இலங்கையிலும் அப்படித்தான். கடைத்தெருவில் கூட்டாளி என்றால் வியாபாரத்தில் முதல் போட்டவர். ஆனால் மலாயாவின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால், இந்தச் சொல்லின் இரண்டு முகங்களும் இந்த மண்ணில் பல தடவை மோதிக்கொண்டிருப்பது தெரியும். சேர்ந்து நிற்பவன் தோழனா, குற்றவாளியா? அதை முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் சேர்ந்து நின்றவர்கள் இல்லை.

முதலில் 'கொங்சி'. இன்று நாம் ஒரு ரொட்டிச் சானாயைப் பகிர்ந்து சாப்பிடவும் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம். சீனர்களிடமிருந்து மலாய்க்கு வந்தது. சுரங்கங்களில் பலர் முதலையும் உழைப்பையும் போட்டு, வந்ததைப் பங்கு பிரித்துக்கொண்ட கூட்டு ஏற்பாட்டுக்குத்தான் அந்தப் பெயர். ஆங்கிலேய அதிகாரிகளின் கண்ணில் அது ரகசியச் சங்கத்தோடு கலந்துபோனது.

அவர்கள் பயத்துக்குக் காரணமும் இருந்தது. 1867 ஆகஸ்டில் பினாங்கில் நடந்த கலவரத்தில் கீ ஹின் சங்கமும் தோ பே கோங் சங்கமும் மோதின. இது சீனர்களுக்குள் மட்டும் நடந்த சண்டை இல்லை. கீ ஹின் பக்கம் வெள்ளைக்கொடி, எதிர்ப்பக்கம் சிவப்புக்கொடி. இந்தக் கொடிச் சங்கங்களில் மலாய்க்காரர்களும் ஜாவி பெக்கான்களும் இந்திய முஸ்லிம்களும் இருந்தார்கள். இனம் தாண்டிய கூட்டு நம்மிடம் இருந்ததே இல்லை என்பவர்களுக்கு இந்தக் கலவரம் ஒரு சங்கடமான பதில். மக்கள் சேரத்தான் செய்தார்கள், சேர்ந்து அடித்துக்கொண்டார்கள். ஆக, சேர்வது எல்லாமே புனிதம் என்று நான் சொல்ல வரவில்லை. 1869-இல் ஆபத்தான சங்கங்களை அடக்கும் சட்டம் வந்தது. 1890-இல் நடைமுறைக்கு வந்த சங்கங்கள் சட்டம் ரகசியச் சங்கங்களைத் தடை செய்தது. இன்று நாம் ஓர் இலக்கிய அமைப்பைத் தொடங்கினாலும் சங்கப் பதிவிலாகாவின் வாசலில் நிற்பது அந்த வழியில் வந்ததுதான்.

சட்டம் இதை எண்ணிக்கையாகவும் வைத்திருக்கிறது. இந்தியாவுக்காக 1860-இல் எழுதப்பட்ட தண்டனைச் சட்டத்தின் வார்ப்பில்தான் நம் தண்டனைச் சட்டமும் உருவானது. பல பிரிவுகளின் எண்கள்கூட அப்படியே இருக்கின்றன. சட்டவிரோத நோக்கத்தோடு இருவர் உடன்பட்டால் சதி. அப்படிப்பட்ட நோக்கத்தோடு ஐவர் கூடினால் சட்டவிரோதக் கூட்டம். 1966 சங்கங்கள் சட்டத்தின்படி, எந்த நோக்கமாக இருந்தாலும் ஏழு பேர் சேர்ந்தால் அது சங்கம், பதிவு வேண்டும். 'பொது நோக்கம்' என்று தண்டனைச் சட்டத்தின் 149ஆம் பிரிவு சொல்கிறது. தொழிற்சங்க மேடையில் கேட்டால் அது அழகான சொல். நீதிமன்றத்தில் கேட்டால் வயிறு கலங்கும்.

1941-இல் கிள்ளானில் இந்த இரண்டு அர்த்தங்களும் நேருக்கு நேர் நின்றன. தமிழ் நேசனில் பணியாற்றிய ஆர். எச். நாதன், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழியாகத் தோட்டத் தொழிலாளர்களை ஒன்று திரட்டினார். அவர்கள் கேட்டதில் கூலி இருந்தது. சீனத் தொழிலாளிக்குக் கிடைப்பது எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். கள்ளுக்கடையை மூடு, பெண்களிடம் அத்துமீறாதே, பிள்ளைகளுக்கு நல்ல படிப்பு கொடு என்றார்கள். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். அந்தப் பட்டியலில் அதிகம் பேசப்படாத ஒன்றும் உண்டு: உறவினர்களும் நண்பர்களும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். உன் கூட்டாளி உன்னைப் பார்க்க லயத்துக்கு வர, தோட்ட நிர்வாகம் அனுமதிக்க வேண்டும். தோட்டம் தனியார் நிலம், வருகிறவன் அத்துமீறி நுழைபவன். நண்பனைக் குற்றவாளியாக்க வேறு எதுவுமே தேவையில்லை, ஒரு வேலி போதும்.

மே மாதம் நாதன் கைதானார். அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர்கள் மீண்டும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இந்தியப் படைவீரர்கள் வரவழைக்கப்பட்டார்கள், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

போருக்குப் பிறகு நடந்தது இன்னும் கூர்மையானது. 1948 பிப்ரவரி 1-இல் மலாயா கூட்டரசு பிறந்தது. மலாயில் 'பெர்செக்குத்துவான்'. 'செக்குத்து' என்றால் கூட்டாளி, நேச அணி. மாநிலங்கள் கூட்டு சேர்ந்தால் அதற்குப் பெயர் அரசு. அதே ஆண்டு ஜூனில் தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்கள் மட்டுமே இனிக் கூட்டமைப்பு அமைக்கலாம். பால்மரம் சீவுபவரும் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரும் ஒரே கூட்டமைப்பில் இருக்கக்கூடாது. எஸ். ஏ. கணபதி தலைவராக இருந்த அகில மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு அதோடு முடிந்தது. பிப்ரவரியில் கூட்டு சேர்ந்தது ராஜதந்திரம், ஜூனில் கூட்டு சேர்ந்தது குற்றம்.

அதே மாதம் அவசரகாலம் வந்தது. கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டம் கற்பனை இல்லை, தோட்டங்களில் கொலைகள் நடந்தன. ஆனால் அவசரகால விதிகள் ஆயுதம் வைத்திருப்பவனோடு நிற்கவில்லை. அவனோடு கூடியிருப்பதும் தனிக் குற்றமானது. 1960-இல் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 58ஆம் பிரிவு அதை அப்படியே எடுத்துக்கொண்டது, மரண தண்டனை வரை அதில் இடமிருந்தது. கணபதி துப்பாக்கி வைத்திருந்த குற்றச்சாட்டில் 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தைய நாள் தொழிற்சங்கத் தலைவர் பி. வீரசேனன் பாதுகாப்புப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பிறகு நம் அரசியல் கூட்டுகளாலேயே ஓடியது. சுதந்திரம் வாங்கியது 'பெரிக்காத்தான்', கட்டிச் சேர்த்தது என்று பொருள். நாம் கூட்டணி என்றோம். இன்றும் தேர்தல் முடிந்தால் யார் யாரோடு கூட்டு என்று கணக்குப் போடுகிறோம், அதில் யாரும் குற்றம் காண்பதில்லை.

தமிழில் 'கூடு' என்றால் ஒன்றுசேர். 'கூடும்' என்றால் முடியும். 'கூடாது' என்றால் தடை. மூன்றுக்கும் ஒரே வேர். நம் தோட்டத்து மனிதர்கள் முதல் இரண்டையும் நம்பிச் சேர்ந்தபோது, மூன்றாவதைச் சட்டமாக எழுதிக் கையில் கொடுத்தார்கள். அப்படியும் நம் பேச்சில் கூட்டாளி என்ற சொல் கறைபடாமல் இருக்கிறது. அந்தச் சொல்லைக் காப்பாற்றியது அகராதி இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் லயத்தில் இருந்துகொண்டு, கூட்டாளி உள்ளே வரட்டும் என்று கேட்டவர்கள்தான்.