முன்பதிவற்ற வழிப்பயணம்

முன்பதிவற்ற வழிப்பயணம்: தங்குமிடம், உணவு ஆகியவற்றுக்கு முன்னேற்பாடு எதுவும் செய்துகொள்ளாமல், சுமக்கக்கூடிய மூட்டையுடன் முன்பின் அறியாத நாட்டின் வழியே செல்லுதல். இன்று இது முதுகுப்பை சுமந்த இளைஞர்களின் விருப்பமாக அறியப்படுகிறது. தமிழகத்திலோ ரயில் வரும்வரை பாணர், உப்பு வணிகர், பரதேசிகள், சேது யாத்திரிகர் என எளிய மக்கள் அறிந்திருந்த பயணம் பெரும்பாலும் இதுவே. கட்டுச்சோறு தீர்ந்த இடத்தில் திண்ணையோ சாவடியோ மடமோ சத்திரமோ இருக்கும் என்ற நம்பிக்கைதான் அதன் முதலீடு.

இலக்கியச் சான்றுகள்

இவ்வகைப் பயணத்துக்கான வழிகாட்டி நூல்கள் தமிழில் மிகப் பழமையானவை. பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படைகள். இவற்றுள் திருமுருகாற்றுப்படை பக்தனை முருகனிடம் ஆற்றுப்படுத்துவது. அதைத் தனியே வைத்துவிடலாம். எஞ்சிய நான்கிலும் பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன் ஒருவன், வறுமையில் வாடும் மற்றொருவனுக்கு வள்ளல் இருக்கும் இடத்தைச் சொல்கிறான். புலவர்கள் பாடியது புரவலனை. ஆனால் பயண வரலாற்றுக்குப் பயன்படுவது இடைவழிச் செய்திகளே.

நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை, எயிற்பட்டினத்தில் சுட்ட மீனும், வேலூரில் இறைச்சியுடன் புளிச்சோறும், ஆமூரில் நண்டுக் கறியுடன் வெண்சோறும் கிடைக்கும் என்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை எயினர், கோவலர், உழவர், வலைஞர், அந்தணர் எனக் குடிவாரியாக விருந்தை அடுக்குகிறது. இவற்றினும் நுட்பமானது மலைபடுகடாம். பன்றிக்கு வைத்த பொறி, பாம்புகள் உறையும் குழி, வழுக்கும் பாறை, தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல் என வழியின் ஆபத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லி எச்சரிக்கிறது. மலைச் சிற்றூர்களில் வாயிலில் காத்து நிற்க வேண்டாம், சொந்த வீட்டைப் போல உள்ளே போகலாம் என்றும் சொல்கிறது. முன்பதிவு இல்லாத பயணி அறிய விரும்பும் செய்தி இதைவிட வேறென்ன? புகாரில் வந்தோர் தங்கவும் உண்ணவும் உலக அறவி என்னும் பொது அம்பலம் இருந்ததை மணிமேகலை காட்டுகிறது.

சத்திரங்கள்

இடைக்காலக் கோயில் மடங்களைத் தொடர்ந்து வழிச்சத்திரங்கள் பெருகின. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகளாலும் சத்திரங்களாலும் நினைக்கப்படுகிறார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் சத்திரம் உள்ளது. கேரளத்தின் வழியம்பலமும் ஊட்டுப்புரையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

சத்திரத்தை முழுமையான நிறுவனமாக்கியவர்கள் தஞ்சை மராட்டியர். ராமேசுவரம் செல்லும் கடற்கரை வழியில் ராஜாமடம், சேதுபாவாசத்திரம், மணமேல்குடி, மீமிசல் ஆகிய இடங்களில் அவர்களுடைய சத்திரங்கள் இருந்தன. இவற்றுள் மணமேல்குடியும் மீமிசலும் இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ளன. ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் 1802இல் இரண்டாம் சரபோஜியால் அமைக்கப்பட்டது.

இவை நடந்த விதத்தை அறிய, சரபோஜி 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதம் சிறந்த ஆவணம். எல்லாச் சாதியாருக்கும் சோறிடப்பட்டது. சத்திரச் சமையலை உண்ணாதவர்களுக்கு அரிசியும் மளிகையும் அளக்கப்பட்டன. நள்ளிரவில் மணி அடித்து, அதுவரை சாப்பிடாதவர்களைக் கூப்பிட்டுச் சோறு போட்டார்கள். நோயுற்றவர்களுக்கு மருந்தும் பத்திய உணவும் கிடைத்தன. பாம்புக்கடிக்கும் வைத்தியர் இருந்தார். குழந்தைகளுக்குப் பால் தரப்பட்டது. வழியில் பிள்ளை பெற்றவள் மூன்று மாதம் தங்கலாம். இறந்தவருக்கு அவரவர் வழக்கப்படி ஈமச்சடங்கு நடந்தது. பெற்றோரை இழந்து நின்ற வழிப்போக்கர் பிள்ளைகள் சத்திரத்து ஆசிரியரின் பொறுப்பில் வளர்ந்தனர். சத்திரக் கிராமங்களைத் தம் கையிலேயே வைத்துக்கொள்ள அரசர் எழுதிய கோரிக்கை இது; சற்று மெருகு ஏறியிருக்கலாம். பிராமணர்க்கு மட்டும் சோறிட்ட சத்திரங்களும் நாட்டில் உண்டு. எனவே தஞ்சை முறையை நாடெங்கும் பொதுவழக்கெனக் கொள்ள இயலாது.

வசதியுள்ளோர் வேறுவகையாகப் பயணம் செய்தனர். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி, 1830–31இல் பெரும் பரிவாரத்துடன் காசிக்குப் போய்வந்தார். ஊருக்கு ஊர் தண்ணீர், கடை, தங்குமிடம் எப்படி என்று அவர் தெலுங்கில் எழுதிவைத்த குறிப்புகள், வழிப்போக்கர்களுக்கே எழுதியவை போலிருக்கின்றன.

நகரத்தார் தம் சமூகத்துக்கெனத் தனி வலையமைப்பை உருவாக்கினர். காசியில் நகரச் சத்திரம், ராமேசுவரத்திலும் பழனியிலும் விடுதிகள், கடல் கடந்த ஊர்களில் கிட்டங்கிகள் என அது விரிந்தது. கிட்டங்கி என்பது லேவாதேவிக் கடையும் தங்குமிடமும் சேர்ந்த நீண்ட கூடம். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் இருந்தவை பெயர்பெற்றவை. கப்பலை விட்டு இறங்கும் செட்டிநாட்டு இளைஞன் ஊர்ப்பெயரும் கோயிற்பெயரும் சொன்னால் இடம் கிடைத்துவிடும். செட்டிநாட்டில் பிறந்தவரே கோட்டையூர் ஏ. கே. செட்டியார். காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் தேடி 1930களின் இறுதியில் பல நாடுகள் சுற்றியவர். அவற்றைக் கொண்டு அவர் எடுத்த ஆவணப்படம் 1940இல் வெளியானது. ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்ற நூற்பெயர் அவருக்கே பட்டமாயிற்று.

சாலையோரச் சுமைதாங்கிக் கற்களையும் இவ்வரிசையில் சேர்க்க வேண்டும். நின்றவாறே தலைச்சுமையை இறக்கி ஏற்ற உதவிய இவை, பெரும்பாலும் கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக நடப்பட்டவை. கோடையில் தண்ணீர்ப்பந்தல் வைத்து நீர்மோர் கொடுக்கும் வழக்கம் இன்றும் நிலைத்திருக்கிறது.

சட்டமும் ரயிலும்

1867ஆம் ஆண்டின் சராய்ச் சட்டம், பயணியர் விடுதிகளைப் பதிவு செய்யச் சொன்னது. அதே ஆண்டு மே 23 அன்று வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பதிவேடு எதுவும் கேட்காமல் பசித்தவர் அனைவருக்கும் சோறிடும் அந்த அடுப்பு இன்றும் எரிகிறது.

சத்திரங்களை வீழ்த்தியது ரயிலே. மதுரைக்கு 1875இல் ரயில் வந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் ராமேசுவர யாத்திரையில் நடை வழக்கொழிந்தது. 1929இல் திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கும் தண்டவாளம் வந்தது. இரவுக்கு ஓரிடம் என்று தங்கித் தங்கிப் போனவர்கள் ஒரே இரவில் போய்ச் சேர்ந்தார்கள். சத்திரக் கட்டடங்கள் பள்ளிகளாகவும் மாணவர் விடுதிகளாகவும் மாறின, அல்லது இடிந்தன.

இன்றைய நிலை

அடையாள அட்டையும் கைபேசிச் செயலியும் இன்றித் தங்குவது அரிதாகிவிட்டது. வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். குன்றக்குடியிலிருந்து பழனிக்கும், யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கும் பாதயாத்திரைகள் தொடர்கின்றன. ஆனால் புதுக்கோட்டை–அறந்தாங்கிச் சாலையிலுள்ள வல்லத்திராக்கோட்டை போன்ற ஊர்களில் இறங்கும் வெளியூர்ப் பயணி, இரவுத் தங்கலுக்குப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறுவதே வழக்கம்.